பகலில் மூடிய திரை

“அம்மா, ஊகம்னா பொய்யா, நிஜமா?”

நின்கே இதைக் கேட்டபோது பட்டாணி சூப்பில் கரண்டியை நட்டுவைத்து, அது சாயாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது. பக்கத்து வீட்டு கிரீட் சற்றுமுன் வாசலில் நின்று பேசிவிட்டு, “எல்லாம் ஒரு ஊகந்தான்” என்று முடித்துவிட்டுப் போயிருந்தாள். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டது.

“இன்னும் தெரியாத விஷயம். தெரியற வரைக்கும் ரெண்டும் இல்ல” என்றாள் வெண்டெலா.

“அப்ப தெரியறதுக்கு முன்னாடியே ஏன் பேசுறாங்க?”

சூப் ஆறுகிறது, சாப்பிடு என்று சொல்லி வெண்டெலா எழுந்துவிட்டாள்.

ஹார்லிங்கன் துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கால்வாய்த் தெருவில் பகலில் யாரும் ஜன்னல் திரையை மூடுவதில்லை. வீட்டில் சாவு விழுந்தால் மூடுவார்கள். மற்றபடி, மறைக்க ஒன்றும் இல்லாதவர்களுக்குத் திரை எதற்கு என்பது அங்கே எல்லோரும் சொல்லாமலே ஒப்புக்கொண்ட நியாயம். பியானோ வாத்தியார் டௌவே போஸ்ட்மாவின் வீட்டுத் திரை இலையுதிர் காலம் தொடங்கியதிலிருந்து மூடியே கிடந்தது. சாவு எதுவும் இல்லை. ஆனால் அவர் மனைவி ஔக்யாவைத் தெருவில் காணவில்லை. தேவாலயத்தில் அவள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. கேட்டால், “கொஞ்சம் முடியல” என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டிவிடுவார்.

வெண்டெலாவின் ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருந்தது. உள்ளே உட்கார்ந்தபடியே தெருவின் இரு கோடியையும் அதில் பார்க்கலாம். முன்பு அந்த வீட்டில் இருந்தவர்கள் விட்டுப்போனது. சனிக்கிழமைதோறும் போஸ்ட்மா கனத்த பையோடு, தெருமுனையில் காலி பாட்டில் போடுவதற்கென்று வைத்திருக்கும் பொதுத் தொட்டிக்குப் போவதை அவள் அதில் பார்த்தாள். பாட்டில்கள் ஒவ்வொன்றாக உள்ளே விழுந்து உடையும் சத்தம் அவள் சமையலறைவரை கேட்டது. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் காப்பி குடிக்கையில், “எவ்வளவு பாட்டில் போடுறாரு, பாவம்” என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். மீதியை மற்றவர்கள் சொன்னார்கள். குடிக்கிறார், அதனால்தான் ஔக்யா தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள், குழந்தைகளை எப்படி அந்த வீட்டுக்கு அனுப்புவது? ஒவ்வொரு குழந்தையாகப் பாடத்தை நிறுத்தியது. கிறிஸ்துமஸ் நெருங்கியபோது மிஞ்சியவள் நின்கே ஒருத்திதான். அவளையும் நிறுத்திவிடத்தான் கிரீட் அன்று வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள், நின்கே இனி வரமாட்டாள் என்று சொல்ல வெண்டெலா போஸ்ட்மாவின் வீட்டுக்குப் போனாள். முன்வாசலில் மணியடிப்பவர்கள் அந்நியர்கள். தெரிந்தவர்கள் கொல்லைப்புறமாகத்தான் போவார்கள். சமையலறைக் கதவு திறந்திருந்தது. மேசையருகே ஔக்யா உட்கார்ந்து, இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து ஆப்பிள் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் காலி ஜூஸ் பாட்டில்கள். முகம் பார்க்கும் கண்ணாடிமேல் துண்டு போர்த்தியிருந்தது.

“அந்தப் பொம்பள போயிட்டாளா?” என்றாள் ஔக்யா.

“போயிட்டா கண்ணு. வீட்டுக்குப் போயிட்டா” என்று போஸ்ட்மா அவள் வாயைத் துடைத்துவிட்டார்.

பிறகு வெண்டெலாவைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். இருட்டிக் கிடக்கும் நாட்களில் விளக்கைப் போட்டால் ஜன்னலில் ஔக்யாவின் முகம் தெரியும். அது தன் முகம் என்பது அவளுக்கு மறந்துவிட்டது.

“பயப்பட மாட்டா. ‘யாரோ ஒரு கிழவி வெளிய குளிருல நிக்கிறா, உள்ள கூப்பிடுங்க, சூடா ஒரு டம்ளர் பால் குடுங்க’ன்னு அழுவா. நானும் ஒவ்வொரு தடவையும் கதவத் திறந்து பாத்துட்டு வருவேன். அப்புறந்தான் திரைய மூடிட்டேன்.” சிரிக்கப் பார்த்தார். “பிள்ளைங்க முன்ரூம்ல வாசிச்சா மட்டும், பின்னால சமையல்கட்டுல இவ நிமிந்து உக்காருவா. பாட்டு இன்னும் மறக்கல. இப்ப உங்க பொண்ணு ஒருத்திதான் வருது.”

வெண்டெலா திறந்திருந்த கதவு வழியே ஔக்யாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஊர்ல சொல்லிடாதீங்கம்மா. அடுத்தவங்க பாவப்பட்டுப் பாக்குறது அவளுக்கு எப்பவும் பிடிக்காது. சரி, நீங்க எதுக்கு வந்தீங்க?”

“நான் யாருக்கும் சொல்லல. நின்கே வாரத்துக்கு ரெண்டு நாள் வரட்டுமான்னு கேக்க வந்தேன்.”

அந்த ஞாயிறு காப்பி வேளையில், தான் சொன்னது தப்பு, அவை ஜூஸ் பாட்டில்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். கிரீட் காப்பியைக் கலக்கிக்கொண்டே, “சரிடி, அப்ப பகல்ல திரை எதுக்கு?” என்றாள். வாக்குக் கொடுத்திருந்த வெண்டெலா பதில் சொல்லாமல் நின்றாள். அந்த மௌனத்தையும் அவர்கள் தங்களுக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொள்வதை அவளால் பார்க்க முடிந்தது.

அன்றிரவு ஜெபத்துக்கு மண்டியிட்டாள். ஔக்யாதான் கண்முன் வந்தாள். ஜன்னலில் முகத்தைப் பார்த்து அவள் நினைத்துக்கொண்டதும் ஊகம்தான். ஆனால் அந்த ஊகம் ஒரு டம்ளர் சூடான பாலைத் தேடிப் போனது. தன்னுடையது எங்கே போனது?

செவ்வாய்க்கிழமை மதியம், நின்கே பள்ளியிலிருந்து வந்து நேரே பியானோ பாடத்துக்குப் போன பிறகு, வெண்டெலா ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு வெளியே ஜன்னலருகே போனாள். துருவேறிய திருகுகள் லேசில் கழலவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியின் அடியில் வைத்தாள். பிறகு தன் வீட்டுத் திரையை, அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதன்முறையாகப் பகலில், இரண்டு பக்கமும் இழுத்து நடுவில் இடைவெளி இல்லாமல் மூடினாள். ஒரு வீடு மூடிக் கிடந்தால் தெருவின் பேச்செல்லாம் அந்த வீட்டுக்குத்தான். இரண்டு வீடு என்றால் பாதிப் பேச்சு இங்கே வரும். வரட்டும்.

அரையிருட்டில் உருளைக்கிழங்குக் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். சிறிது நேரத்தில் வெளியே ஒரு சைக்கிள் வந்து ஜன்னல் நேரே நின்றது. கிரீட்டின் சைக்கிள்தான், அந்தச் சங்கிலி கிறீச்சிடும். ஒரு கால் கல்தரையில் ஊன்றும் சத்தம். நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சங்கிலி மெல்லக் கிறீச்சிட்டு நகர்ந்தது.

சற்றுத் தள்ளி போஸ்ட்மாவின் வீட்டிலிருந்து பியானோ கேட்டது. நின்கே எப்போதும் தடுக்கி விழும் இடத்தில் இன்றும் தடுக்கினாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை அந்த இடம் வரும்போது, மெலிந்த ஒரு குரல் வரி மாறாமல் முன்னே பாடிப் போக, விரல்கள் அதன் பின்னால் போயின.