முதலில் ஏற்றியது யார்

படங்களைச் சேமித்து வைக்கும் அந்த இணையதளத்தின் அலுவலகத்தில் அவளுக்கு ‘டூப்ளிகேட் அக்கா’ என்று பெயர். ஒரே படத்தை இரண்டு பேர் ஏற்றினால் எது முந்தியது, எதைத் தூக்குவது என்று தீர்ப்புச் சொல்வது அவள் வேலை. நாள் முழுக்கத் திருட்டுப் படங்களோடு மாரடித்தால் யாரைத்தான் நம்பத் தோன்றும்? காய்கறிக்காரர் சிரித்தாலே அவள் தராசைப் பார்ப்பாள்.

அன்று மதிய இடைவேளையில், கணவர் நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கும் படத்தைத் தன் கணக்கில் ஏற்றப் பார்த்தாள். முந்தின நாள் அவளே தன் கைப்பேசியில் எடுத்தது. தளம் ஏற்க மறுத்தது. இதே படம் வேறொருவர் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறதாம்.

அந்தக் கணக்கைத் திறந்தாள். பெயருக்குப் பதில் வெறும் எண்கள். உள்ளே முழுக்க அவள் கணவர்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், சவரம் செய்கிறார், சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுகிறார். எல்லாம் அவள் எடுத்த படங்கள். அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து எவளுக்கோ அனுப்பியிருக்கிறார், வேறு எப்படிப் போயிருக்கும்? இத்தனை வருடக் குடித்தனத்துக்கு இதுதான் மரியாதையா என்று பொருமினாள்.

வீட்டுக்குப் போனதும் நேராகவே கேட்டுவிட்டாள். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர் அவர். தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். அதோடு விட்டாரா? தொந்தியைத் தட்டி, இதைப் பார்க்கவும் ஆள் இருந்தால் சந்தோஷம்தான் என்றார். அந்தச் சிரிப்பு எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது. அன்றிரவே அவர் படுக்கை பக்கத்து அறைக்குப் போயிற்று.

மறுநாள் அந்தக் கணக்கிலிருந்த படங்களை மொத்தமாக அழிக்க உட்கார்ந்தாள். திரை காரணம் கேட்டது. திருட்டு என்று போட்டால் எதிர்த்தரப்பிடம் விளக்கம் கேட்டு வாரக்கணக்கில் இழுக்கும். இறந்தவரின் படத்தை நீக்கச் சொல்லிக் குடும்பத்தார் கேட்டால் மட்டும் கேள்வியே கிடையாது, அடுத்த நொடி போய்விடும். அதையே அழுத்தினாள். அந்தக் கணக்குக்காரிக்கு நல்லா வேணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் மகள் அழைத்தாள். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு வெளியூர் போனவள். அன்றிலிருந்து அப்பா அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா அலைபேசியில் அவள் முகம் தெரிந்தாலே எழுந்து போய்விடுவார்.

“மறைக்காம சொல்லும்மா. அப்பா இருக்காரா?”

தேம்பலுக்கு நடுவே விஷயம் வந்தது. கிளம்புவதற்கு முன் அம்மாவின் கைப்பேசியில் ஒரு வேலை செய்து வைத்திருந்தாளாம். அப்பாவை எடுக்கும் படமெல்லாம் தானாகவே தன் கணக்குக்கு வந்து சேரும்படி. அவர்தான் முகம் காட்ட மாட்டேன் என்கிறாரே. இன்று ஒரு படமும் இல்லை. அதற்குப் பதில், உங்கள் குடும்பத்தின் இழப்பில் பங்குகொள்கிறோம் என்று கம்பெனியிலிருந்து ஒரு மெயில்.

அந்த வாசகத்தை எழுதிக்கொடுத்ததே இவள்தான். அம்மா பேசாமலிருப்பதைக் கேட்டு அந்தப் பக்கம் அழுகை பெரிதாயிற்று. ஸ்பீக்கரில் இருந்ததால் மகள் சொன்னதெல்லாம் பக்கத்து அறைவரை கேட்டிருக்க வேண்டும். அவர் எழுந்து வந்தார், அவள் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினார்.

“இருக்கேம்மா, அழாதே,” என்றார். பிறகு மனைவியைப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் ஆகல. உங்கம்மாதான் கொன்னுட்டா.”