நற்சாட்சி சொன்ன தாய்

சனிக்கிழமை காலை. அடுப்பில் பான்கேக்கைப் புரட்டிப் போட்டபடியே லோர்னா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் நெப்ராஸ்காவிலிருந்து டெனிஸ் என்ற பெண். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. மான்டானா மலைக்குள் இருக்கும் ஓர் உறைவிடப் பள்ளிதான் லோர்னாவின் எண்ணைக் கொடுத்திருந்தது. அடங்காத பிள்ளைகளைத் திருத்தித் தருகிறோம் என்று சொல்லும் பள்ளி அது. அனுப்பலாமா என்று தயங்கும் பெற்றோருக்கு, ஏற்கெனவே அனுப்பியவர்கள் தைரியம் சொல்ல வேண்டும். லோர்னா இந்த வேலையை ஆசையாகவே செய்தாள். எங்கள் பாய்சி நகரில் சர்ச் முடிந்து வெளியே வந்தாலும் அவளுக்கு இதே பேச்சுதான்.

"என் பையன் ஸ்கூல் பக்கமே போறதில்லைங்க. கஞ்சா வேற. செவ்வாய்க்கிழமை விடிகாலைல அந்த மலை ஸ்கூல்லேர்ந்து ரெண்டு ஆளுங்க வந்து கூட்டிட்டுப் போவாங்களாம். அவன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னுட்டாங்க. சொல்லாம இருக்கறது சரியாங்க?" என்றாள் டெனிஸ்.

"சொல்லிடாதீங்க, ஓடிப்போயிடுவான். எங்க விவாகரத்துக்கு அப்புறம் என் ஷெல்பி ரெண்டு தடவை ஓடினவதான். இப்ப வந்து பாருங்க, தங்கம்!"

அந்தத் தங்கம் சிரித்த முகத்தோடு சமையலறை வாசலில் வந்து நின்றது. பதினாறு வயது. பள்ளியிலிருந்து திரும்பிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"அம்மா, உள்ள வரலாமா?"

"வாம்மா."

"பால் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோ. கேட்டீங்களா டெனிஸ்? ஃப்ரிட்ஜைத் திறக்கக்கூட அனுமதி கேக்கறா!"

அட கொடுமையே! சொந்த வீட்டில் பாலுக்கு அனுமதி கேட்கும் மகளைப் பார்த்து வயிறு எரிய வேண்டியவள் பூரித்துப் போனாள். ஆனால் அவளை நான் கேலி செய்ய மாட்டேன். பிள்ளை எங்கே போயிற்றோ, உயிரோடு இருக்கிறதோ என்று தவித்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். இப்படிப்பட்ட பள்ளிகள் பிழைப்பதே அந்தப் பயத்தை வைத்துத்தான்.

"போன்ல பேச விடுவாங்களா?" என்று கேட்டாள் டெனிஸ்.

"வாரத்துக்கு ஒருதரம். பக்கத்திலேயே அந்த ஸ்கூலோட ஆலோசகர் உக்காந்திருப்பார். முதல்ல அழுவாங்க, கூட்டிட்டுப் போன்னு கெஞ்சுவாங்க. அத்தனையும் நடிப்பு, மசிஞ்சிடாதீங்கன்னு நமக்கே தனியா வகுப்பு எடுக்கறாங்க. ஷெல்பிகூட ஒருநாள், கை உடைஞ்சிடுச்சு, டாக்டர்கிட்ட காட்ட மாட்டேங்கறாங்கன்னு ஒரே அழுகை. நான் அசையலையே! ஒழுங்கா நடந்துக்கோன்னு சொல்லிட்டுப் போனை வெச்சுட்டேன்."

"ஐயோ! அப்புறம்? நிஜமாவே உடைஞ்சிருந்துதா?"

எத்தனையோ தாய்மார்களிடம் லோர்னா பெருமையாகச் சொன்ன கதை இது. இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவளுமே மகளைக் கேட்டதில்லை.

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "ஷெல்பி, அன்னிக்குக் கை நிஜமாவே உடைஞ்சிருந்துதா?"

ஷெல்பி தாயின் முகத்தைப் பார்த்தாள், தொலைபேசியைப் பார்த்தாள். அவள் சிரிப்பு கொஞ்சமும் மாறவில்லை.

"நான் என்ன சொல்லணும்மா? இல்லைன்னு சொல்லணுமா?"

லோர்னா தொலைபேசியை மேடைமேல் வைத்துவிட்டு மகளின் முழுக்கைச் சட்டையின் கையை மேலே தள்ளினாள். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு கோணலாகச் சேர்ந்து புடைத்திருந்தது.

"விறகு தூக்கும்போது விழுந்தேன். பொய் சொன்னேன்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டாத்தான் மறுபடி உன்கூடப் பேச விடுவோம்னாங்க. ஒத்துக்கிட்டேன்."

"அடிப்பாவி, என்கிட்ட ஏன்டி சொல்லலை?"

"சொன்னேனேம்மா!" வீடே அதிரக் கத்தினாள் ஷெல்பி. "உன்கிட்டதானே சொன்னேன்! நீதானே போனை வெச்சே!"

கத்திய வேகத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சிடும்மா. இனிமே கத்த மாட்டேன். என்னைத் திருப்பி அனுப்பிடாதே."

லோர்னா அவளை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். "கத்துடி என் கண்ணே. எவ்வளவு வேணும்னாலும் கத்து. உன்னை எங்கேயும் அனுப்ப மாட்டேன்."

மறுமுனையில் டெனிஸ் விசும்பும் சத்தம் கேட்டது. மகளை விடாமலே லோர்னா தொலைபேசியை எடுத்தாள்.

"டெனிஸ், நான் சொன்னது எல்லாத்தையும் மறந்துடுங்க. செவ்வாய்க்கிழமை யாரும் வர வேண்டாம்னு இப்பவே சொல்லிடுங்க. பையனோட மல்லுக்கட்டுங்க, நல்ல டாக்டரா பாருங்க, நாலு பேர்கிட்ட உதவி கேளுங்க. ஆனா உங்க கண்ணு முன்னாடி வெச்சுக்கிட்டுச் செய்யுங்க. பிள்ளை வலிக்குதுன்னா நம்பாதேன்னு எவன் சொல்லிக்கொடுக்கறானோ, அவன் கையில பிள்ளையை ஒப்படைக்கவே கூடாதுங்க. நான் ஒப்படைச்சேன்."