கட்டிலைக் கழித்த கணக்கு

நீளம் பன்னிரண்டு அடி, அகலம் பத்து. நூற்றிருபது சதுர அடி. இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் என்றால் முப்பது. வெட்டுச் சேதாரத்துக்கு மூன்று சேர்த்து முப்பத்துமூன்று. பெட்டிக்கு நாலு வீதம் ஒன்பது பெட்டி. திருத்தணியில் இருபது வருடமாக டைல்ஸ் ஒட்டுகிறேன். இந்தக் கணக்கு எனக்குத் தூக்கத்திலும் வரும்.

"கட்டிலைக் கழிச்சிடுங்க பாய்," என்றாள் அம்சா.

கட்டிலில் அவள் புருஷன் ஜம்புலிங்கம். ஸ்டேஷனுக்கும் மலைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிய ஆள். புற்றுநோய் முதுகெலும்பு வரை போய்விட்டது. கட்டிலை ஓர் அங்குலம் நகர்த்தினாலும் அலறுவார். சிமெண்ட் தரை பெயர்ந்து தூசு கிளம்புகிறது. தூசு பட்டால் இருமல், இருமினால் உயிர் போகிற வலி. அதற்காகத்தான் இந்த டைல்ஸ்.

ஆறுக்கு நாலு, இருபத்துநாலு சதுர அடி கழித்தேன். ஏழு பெட்டி போதும். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். தொழில் தெரிந்தவன் என்ற திமிர் என் வாயைச் சும்மா விடவில்லை.

"ஒம்போதா வாங்கி வெச்சிடும்மா. ஒவ்வொரு லோடும் ஒரு கலர்ல வரும். அப்புறம் கட்டிலுக்கு அடியில ஒட்டணும்னா இதே கலர் கெடைக்காது."

"அப்புறம்னா எப்போ பாய்?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் எழுந்து நடமாடிய பிறகு என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

ஜம்புலிங்கம்தான் பேசினார். "ஹனீஃபா பாய் சொல்றது சரிதான். ஒம்போதே எழுது பாய். மீதி ரெண்டு பெட்டியை இங்கயே அடியில தள்ளிடு. நாளைக்கு இவ அந்தக் கலரைத் தேடிகினு கடை கடையா அலையக் கூடாது."

"வாய மூடிகினு படுங்க," என்று சீறினாள் அம்சா. சீறிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகையிலும் கட்டிலில் சாயவில்லை, அசைந்துவிடுமே.

எல்லா டைல்ஸையும் தெருவில் வைத்தே வெட்டினேன். மூன்றாம் நாள் வேலை முடிந்தது. கட்டிலைச் சுற்றித் தரை பளபளத்தது. அடியில் மட்டும் பழைய சிமெண்ட். அம்சா வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

இரண்டு பெட்டிகளையும் நானே மண்டியிட்டு உள்ளே தள்ளினேன். கட்டில் அசையாமல் தள்ளினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.