நன்னடத்தைக்கு ஒரு பிடி உப்பு

எங்கள் மாவட்டத்தில் நீதிமன்றம் தண்டனையை ஐஸ் கட்டியாகத்தான் கொடுக்கும். குற்றத்துக்குத் தகுந்த அளவில் கட்டி. அதைச் சிறைக்குள் வைப்பார்கள். கரைந்து முடிகிற அன்றைக்கு ஆள் வெளியே வந்துவிடலாம்.

டியூஷன் மாஸ்டர் தனசீலனுக்குக் கிடைத்தது பெரிய கட்டி. படிக்க வந்த பிள்ளைகளிடம் தகாத முறையில் நடந்துகொண்டவன் அவன். தீர்ப்பு நாளில் காவலர்கள் கட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிவந்தபோது நீதிமன்றத்தில் கைதட்டினார்கள். பத்திரிகைக்காரர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சாட்சி சொன்ன பிள்ளைகளில் ஒருத்தியான ஆறாம் வகுப்பு ஜெனிட்டா மட்டும் கைதட்டவில்லை. கட்டியோடு தன் உயரத்தை ஒப்பிட்டுப் பார்த்தாள். அது அவளைவிட ஒரு முழம் உயரம்.

"அத்தை, இது கரையறதுக்குள்ள நான் பன்னெண்டாவது முடிச்சிருவேனா?"

பள்ளிக்கூடத்துக்கு இருந்தது ஒரே வழி. அது தனசீலன் வீட்டு வாசல் வழியாகப் போயிற்று.

"முடிச்சிருவ ஏட்டி. நான் இருக்கேன்லா," என்றாள் ஞானப்பூ.

ஞானப்பூ உப்பளத்துக் கூலிக்காக மறியல் செய்தே தலை நரைத்தவள். துண்டுப் பிரசுரங்களில்தான் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவள் வாங்கிய கட்டிகள் எல்லாம் சோப்புக் கட்டி அளவுதான். ஆனால் அவற்றை மரத்தூளில் புதைத்து, ஈரச் சாக்கு சுற்றி, இருட்டறையில் வைத்துப் பூட்டினார்கள். ஒரு சாலை மறியல் கட்டி இரண்டு மழைக்காலம் தாங்கியது. கட்டியைக் காப்பாற்ற அரசாங்கத்துக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் அவள் நம்பமாட்டாள்.

பொங்கல் கழிந்ததும் தனசீலனின் கட்டியைப் பார்க்கப் போனாள். அது சிறை முற்றத்தின் நடுவில், நல்ல வெயிலில் இருந்தது. தோள் உயரத்துக்கு இறங்கியிருந்தது. அவள் தோள் அல்ல, ஜெனிட்டாவின் தோள்.

அந்தப் பக்கமாக வந்த தனசீலன், "காலை வணக்கம் ஐயா," என்று கும்பிட்டான். ஜெயிலர் வேதமாணிக்கம் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, வாளியிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளிக் கட்டியின் தலையில் போட்டார்.

"என்ன சார் இது?"

"நன்னடத்தைக்கு உப்பும்மா. வணக்கம் சொன்னா ஒரு பிடி, யோகாசனம் பண்ணா ரெண்டு பிடி. தலைவர்மார் பிறந்தநாளுக்கு ஒரு மூடை."

"நல்லா நடக்காம என்ன செய்வான்? இங்கதான் பிள்ளையளே இல்லையே!"

ஜெயிலர் இதை யோசித்தார். அவர் யோசிக்கிற நேரத்தில் கட்டி இன்னும் ஒரு விரல் இறங்கியது.

"இதுதாம்மா இருக்கதிலேயே பெரிசு. இதுக்கு மேல அச்சே கிடையாது."

"கட்டியைக் கூட்டச் சொல்லி யாரு கேட்டா? வெயிலை விட்டு நகத்துங்கன்னுதான் கேக்கேன்."

"நிழல்ல மறியல்காரங்க கட்டியே நிறைஞ்சு கிடக்கு," என்றார் ஜெயிலர் வருத்தத்தோடு.

ஞானப்பூ வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். ஜெனிட்டா தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் புத்தகப் பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மறுநாளும் அங்கேதான் தொங்கியது.

அந்த வாரமே ஞானப்பூ பிரசுரம் அடித்தாள். 'தோழியரே! தண்டனை பெரிதா சிறிதா என்று கேட்டது போதும். அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்!' மீன் விற்கிற பெண்கள் தள்ளுவண்டியோடு சிறைக்கு வந்தார்கள். கட்டியை வண்டியில் ஏற்றிச் சாக்கைப் போட்டு மூடினார்கள்.

"எங்க கொண்டுபோறிய?" என்றார் ஜெயிலர்.

"ஐஸ் கம்பெனிக்கு."

ஜெயிலர் வாசல் பலகையில் எழுதியிருந்த விதியைப் படித்தார். 'கட்டி இருக்கும் இடமே சிறை. கட்டியோடு இருப்பவனே கைதி.' வெயிலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

"சித்த பொறுங்க, நாங்களும் வாரோம்."

கடற்கரைச் சாலையில் வண்டி முன்னால் போனது. அதன் பின்னால் பாயைச் சுருட்டிக்கொண்டு தனசீலன், நாற்காலியோடு ஜெயிலர், கழற்றிய சிறைக் கதவைச் சுமந்துகொண்டு வார்டர்கள். எதிரே வந்த லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன.

ஐஸ் கம்பெனியின் குளிரறையில், சீலா மீன்களுக்கும் இறால் பெட்டிகளுக்கும் நடுவில் கட்டியை வைத்தார்கள். தனசீலன் பல் கிடுகிடுக்க வணக்கம் சொன்னான். குரங்குக் குல்லா போட்டிருந்த ஜெயிலர் ஒரு பிடி உப்பைப் போட்டார். உப்பு போட்டது போட்டபடி கிடந்தது. அவர் அதைத் துடைத்து வாளியில் திரும்பப் போட்டார்.

இரண்டாம் நாள் தனசீலனின் தம்பி வந்து ஞானப்பூவிடம் சத்தம் போட்டான். "அண்ணனுக்குக் குளிருது. உங்களுக்கெல்லாம் மனிதாபிமானமே கிடையாதா?"

"போர்வை கொடுங்க தம்பி. ஒண்ணுக்கு ரெண்டா கொடுங்க. டீ வேணும்னா நானே போட்டுத் தாரேன். உப்பு மட்டும் கிடையாது."

சித்திரை வெயிலில் ஊரே உருகிக்கொண்டிருந்தபோது, குளிரறைப் பனி படிந்து படிந்து கட்டி வளரத் தொடங்கியது. முதலில் ஜெனிட்டாவின் காதைத் தொட்டது, பிறகு உச்சியை, கடைசியில் தீர்ப்பு நாள் உயரத்தையும் தாண்டியது. ஜெயிலர் நீதிமன்றத்துக்கு எழுதிக் கேட்டார். விதித்த அளவு தனசீலனுக்கு, மிஞ்சுவது பொதுமக்களுக்கு என்று பதில் வந்தது.

அடுத்த நாளே பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி சாக்குப் பையோடு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஆள், ஐஸ் கம்பெனி பக்கம் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தா நிக்கானே, எங்க ஊர் ஆளு, இவன் கட்டி ஆறு மாசத்துல கரைஞ்சு போச்சுக்கா. எதாவது மிச்சம் இருக்குமா?"

"எவ்வளவு குறையுது?" என்று கேட்டபடியே ஞானப்பூ ரம்பத்தை எடுத்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று ஜெனிட்டா பையை ஆணியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சாக்குப் பை வைத்திருந்த பெண்களின் வரிசை ஐஸ் கம்பெனியில் தொடங்கி, கடைத்தெருவைச் சுற்றி, தனசீலன் வீட்டு வாசலையும் தாண்டி நீண்டிருந்தது. அவர்களை ஒட்டியே அவள் நடந்தாள். கடைசியாக வந்து சேர்ந்த ஒரு அம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்:

"பாப்பா, வருஷம் அறுத்துக் கொடுக்கிற இடம் இதுதானா?"

"நேரா போங்க, மீன் வாடை அடிக்கும்," என்று கையைக் காட்டிவிட்டு ஜெனிட்டா ஓடினாள். முதல் மணி அடித்துவிட்டது.