மை கரைந்த மலை

காகிதத்தின் பின்பக்கம் சாம்பல் நிறமாய் ஊறி வந்தபோது குமுதா தண்ணீர் தெளிப்பதைச் சட்டென்று நிறுத்தினாள். மை ஓவியத்தைக் குப்புறப் போட்டு, தண்ணீர் தெளித்து, பசை தடவி இன்னொரு தாளோடு ஒட்டுவதுதான் ஈப்போ நகரின் அந்தப் படச் சட்டக் கடையில் பத்து வருடமாய் அவள் வேலை. முதலில் ஈரத்துணியால் ஓரத்தில் ஒற்றி, மை கரைகிறதா என்று பார்க்கவேண்டும். இன்று அவசரத்தில் விட்டுவிட்டாள்.

மெல்லப் புரட்டினாள். கறுப்பு மலை வழிந்து, நடுவே வெள்ளையாய் விட்டிருந்த அருவியை விழுங்கியிருந்தது.

வரைந்தவர் சுகுமாரன், பக்கத்து ஊரான சுங்கை சிப்புட்டில் லாரி ஓட்டியவர். அந்தக் காலத்துச் சீன ஓவியர்களின் மலைகளைப் புத்தகத்தில் பார்த்துப் பார்த்து, அதே போக்கில் இங்குள்ள சுண்ணாம்புக் குன்றுகளை வரைவார். போன மாதம் பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. அதற்கு முந்தின நாள் முடித்தது இது. நேற்று கொண்டுவந்த அவர் மனைவி சரளா, கடை வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "பாத்து செய்ங்கக்கா, இனிமே வரைய மாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தாப்பா ஊருக்குப் போயிருந்த கடை முதலாளியைப் போனில் பிடித்தாள். காய்ந்ததும் வெள்ளை பூசி மேகமாக்கிவிடு, லாரிக்காரனுக்கு எங்கே தெரியப்போகிறது என்றார் அவர். குமுதா வெள்ளைச் சாயத்தைக் குழைத்தாள். மூன்று முறை தூரிகையை எடுத்தாள். மூன்று முறையும் கீழே வைத்தாள்.

மூன்று மணிக்குச் சரளாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சுகுமாரனே வந்து இறங்கினார்.

"நேர்ல பாக்கணும்னு ஒரே பிடிவாதம்லா," என்றாள் சரளா.

குமுதா மேசைமேல் இருந்த ஓவியத்தைக் காட்டினாள். "அண்ணே... என் தப்புதான். மைய சோதிக்காம தண்ணி தெளிச்சிட்டேன். அருவி போயிடுச்சு."

சரளா வாயைப் பொத்திக்கொண்டாள். சுகுமாரன் மேசைமேல் குனிந்தார். முகத்தில் ஒரு பாதி அசையவேயில்லை. கோபமா, அழுகையா என்று குமுதாவால் படிக்க முடியவில்லை. திட்டிவிட்டாலாவது தேவலை என்றிருந்தது.

"பிரஷ்... இருக்கா? இடது கையால... வரஞ்சி பாக்கறேன்." சொல் குழறி வந்தது.

"வேணாங்க. இருக்கறதும் போயிடும்," என்றாள் சரளா.

அவர் இடது கையை நீட்டினார். குமுதா தூரிகையை அலமாரியிலிருந்த மைப்புட்டியில் தோய்த்து அந்த விரல்களுக்குள் வைத்தாள். பழகாத விரல்கள் தூரிகையை இறுகப் பற்றின. கறுத்த மலைக்கு ஒரு சாண் மேலே, தாளைத் தொடாமல், தூரிகை நுனியில் மைத்துளி திரண்டு, கனத்து, தொங்கிக்கொண்டிருந்தது.