வடக்கே போன பேருந்து

ரவுண்டுக்கு அன்றைக்கு வந்த கோபத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! ஊரைச் சுற்றி வரும் பேருந்தின் டிரைவர் என்பதால் டிப்போவில் அவருக்கு அந்தப் பெயர். பாவம், முதுகில் வட்டு விலகிவிட்டது. இனியும் ஓட்டினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். புது டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் தேர்வில் தேறினால் நாற்காலி வேலை. இல்லையென்றால் மறுபடி அதே சீட்.

தேர்வில் இயற்பியல் வேறு. வீட்டில் டியூஷன் எடுக்கும் அவர் மனைவி, வேகம் வேறு, திசைவேகம் வேறு என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். மணிக்கு எவ்வளவு தூரம் ஓடினோம் என்பது வேகம். கிளம்பிய இடத்திலிருந்து எந்தப் பக்கம், மணிக்கு எவ்வளவு தள்ளிப் போனோம் என்பது திசைவேகம். டிப்போவில் கிளம்பி டிப்போவுக்கே வரும் வண்டிக்குச் சராசரித் திசைவேகம் பூஜ்ஜியம்.

அவருக்குச் சுருக்கென்றது. ஆயுசு முழுக்க நாய் படாத பாடு பட்டு ஓட்டியதற்கு முட்டையா? புத்தகத்தை மூடிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஏங்க, நீங்க தினமும் பத்திரமா திரும்பி வந்ததாலதான் அது பூஜ்ஜியம். திரும்பியே வராத ஆளுக்குத்தான் அங்க நம்பர் இருக்கும்" என்றாள் அவள்.

திட்டுகிறாளா, பாராட்டுகிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் மனசு குளிர்ந்துவிட்டது.

தேர்வில் வந்த கேள்வியோ வேறு. ஒரு பேருந்து நேராக வடக்கே இரண்டு மணி நேரத்தில் நூறு கிலோமீட்டர் போகிறது. அதன் சராசரித் திசைவேகம் என்ன? மனிதர் திருதிருவென்று விழித்தார். போன வண்டி எப்போது திரும்பும்? அச்சில் விட்டுப்போயிற்றோ என்று மேற்பார்வையாளரைக் கேட்டார். உள்ளதைப் படித்து எழுதச் சொன்னார் அவர். ஐம்பது என்று எழுதி, அடித்தார். வடக்கே போனவன் அங்கேயே கிடப்பானா? அவனுக்கும் வீடு வாசல் இருக்காதா? குழம்பிக் குழம்பி, கடைசியில் பூஜ்ஜியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரே மார்க்கில் போயிற்று. மறுநாளே வண்டிக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

மனைவி கேள்வித்தாளை வாங்கிப் படித்தாள். "ஐம்பதுங்க. வடக்கு நோக்கி ஐம்பது."

"அப்ப அந்த டிரைவர் வீட்டுக்கு வரவே இல்லையா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கெடுத்தது தன் வாய்தான் என்று புரிந்துவிட்டது.

"வந்திருப்பாருங்க" என்றாள்.

"அப்ப நான் எழுதினது சரிதானேம்மா?"