ஆணி வேண்டாம்

அப்பாவின் இடது கால் என் மடியில் இருந்தது. டார்ச் வெளிச்சத்தில், பெருவிரலுக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி.

அவருக்குத் தொழுநோய் குணமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. பாதங்களுக்கு உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. அதனால் தினமும் படுக்கும்முன் காலில் காயம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஆறு வயதில் அது எனக்கு விளையாட்டு. "இன்னா ரிப்போர்ட்டு, டாக்டரம்மா?" என்பார். ஒவ்வொரு விரலாகத் தட்டிவிட்டு, "எல்லாரும் நல்லா இருக்காங்க" என்பேன். அவருடைய செருப்பின் கறுப்பு ரப்பர் பன் ரொட்டி மாதிரி மெத்தென்றிருக்கும். அதில் கன்னம் வைத்து எத்தனையோ முறை தூங்கியிருக்கிறேன். அம்மா திட்டிக்கொண்டே முகம் கழுவிவிடுவாள்.

போன வாரம் வார் அறுந்துவிட்டது. "திருக்கனூர்ல குடுத்துட்டு வா. ஆணி மட்டும் வேணாம்னு சொல்லு, தைக்கட்டும்" என்றார் அப்பா. ஆணி குத்தினால் அவருக்குத் தெரியாது.

செருப்பு தைப்பவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருதும்மா இது? ஆஸ்பத்திரி செருப்பாட்டம் கீது."

பக்கத்தில் என் வகுப்பு யாமினி நின்றிருந்தாள்.

"பக்கத்து வூட்டுதுண்ணா" என்றேன். ஆணி வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். யாமினியை இழுத்துக்கொண்டு வளையல் கடைக்குப் போய்விட்டேன்.

நேற்றுதான் செருப்பை வாங்கி வந்தேன். இன்று முழுக்க அதைப் போட்டுக்கொண்டுதான் அப்பா கரும்புக்கு மடை திருப்பினார்.

செருப்புக்குள் விரலை விட்டேன். வார் ஓரத்தில் ஊசிபோல ஒரு முனை.

"இன்னாடி, இன்னைக்கு ரிப்போர்ட்டு லேட்டாவுது?" சிரித்தார்.

இந்தக் காலில் நான்கு விரல்கள்தான் இருக்கின்றன. ஐந்தாவது, இதுபோல ஒரு புள்ளியில் தொடங்கித்தான் போனது.

"ஆணி அடிச்சிருக்காருப்பா."

"வேணாம்னு நீ சொல்லலியா?"

"சொல்லல. யாமினி கூட இருந்தா. செருப்பு நம்முளுது இல்லன்னு சொல்லிட்டேன்."

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன். "தண்ணி எடுத்தா. கழுவு" என்றார்.

தண்ணீரோடு திரும்பியபோது, கீழே வைத்திருந்த டார்ச்சை எடுத்திருந்தார். நோயில் மடங்கிப்போன கைவிரல்களில் நிற்காததால் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே இடுக்கியிருந்தார். உட்கார்ந்தேன். காலை எடுத்து மறுபடி என் மடியிலேயே வைத்தார். கால் அசையாமல் கிடந்தது. வெளிச்சம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.